தீனா எத்தனை வாய் சாப்பிட்டாள்

நார்விக் துறைமுகம்
8 செப்டம்பர் 1974

அப்பாவுக்கு,

இதைத் தௌனோ உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். தௌனோ, எங்கள் குடியிருப்பைக் கவனிப்பதோடு என் கடிதத்தையும் கவனிக்க வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கப்பலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் எதைத் தொட்டாலும் கை சிவக்கிறது. இருபத்தாறு ஆண்களுக்கு மூன்று வேளை சமைக்கிறேன். எது வைத்தாலும் தட்டை வழித்துத் தின்கிறார்கள். தின்னாத ஒரே ஒரு ஆளை, என் மகள் தீனாவை, வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூன்று மாதம்தான். டிசம்பர் முதல் வாரம் முடிந்துவிடும். இதை ஒழுங்காக முடித்தால் ஸ்டாக்ஹோம் பயணிகள் கப்பலில் நிரந்தர வேலை. இரண்டு நாளுக்கு ஒரு முறை வீட்டில் தூங்கலாம். அதற்காகத்தான் உங்களை அவ்வளவு தூரம் வடக்கிலிருந்து ரயில் ஏற வைத்தேன். மால்மோவில் இருக்கும் தீனாவின் அத்தை அவளைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். தீனாதான் பள்ளிக்கூடம் மாறமாட்டேன் என்று அழுதாள்.

ரயில் நிலையத்தில் வைத்துச் சொன்னதை மறுபடி சொல்கிறேன். திங்கள், மக்கரோனியும் வறுத்த சாசேஜும். செவ்வாய், கடையில் உறைய வைத்து விற்கும் மீன் துண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு. புதன், கறி உருண்டை, மசித்த கிழங்கு. வியாழன், பட்டாணி சூப், பிறகு பான்கேக். வெள்ளி, பால் கஞ்சி, மேலே இலவங்கப்பட்டைத் தூள். எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தட்டில் ஒன்று இன்னொன்றைத் தொடக் கூடாது. வெங்காயம் கண்ணில் படக் கூடாது. கேரட் பச்சையாக.

கடைசியாக ஒன்று. தின்னாவிட்டால் விட்டுவிடுங்கள். உட்கார வைக்காதீர்கள். என்ன சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் மறக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் எனக்கு இங்கே வேலை ஓடும்.

ஐலா

*

வெஸ்தெரோஸ்
20 செப்டம்பர் 1974

ஐலா கண்ணு,

நான் சொல்லச் சொல்லத் தௌனோ எழுதுகிறான். அவன் முதுகு வலியோடு உட்கார்ந்திருப்பதால் எழுத்து சாய்ந்து போனால் அவனைத் திட்டாதே.

நீ இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டாம். ரயில் நிலையத்தில் ஒன்பதாம் நம்பர் தூணுக்குப் பக்கத்தில் நின்று, இடது கையில் பையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது அப்படியே இருக்கிறது. எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மறக்க வசதியில்லை. எனக்கு அப்போது புரியாத ஸ்வீடிஷ் பாஷையில் பாடம் நடத்தி என்னை ஒன்பது வயதிலேயே ஆற்றுக்கு மரம் தள்ள அனுப்பிய அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நன்றி.

நீ கேட்டபடி கணக்காகச் சொல்கிறேன். முதல் திங்கள், நான்கு வாய். "அம்மா வாங்குற மக்கரோனி வளைஞ்சிருக்கும். இது நேரா இருக்கு" என்றாள். மறுநாளே வளைந்ததை வாங்கிவிட்டேன். செவ்வாய், ஒன்றுமில்லை. மீனைப் பார்த்து, "தாத்தா, இதுக்குக் கண்ணு இருந்துச்சா?" என்று கேட்டாள். பொய் சொல்லத் தெரியாமல் "இருந்துச்சும்மா" என்றுவிட்டேன். முடிந்தது கதை. புதன்கிழமை வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி உருண்டைக்குள் ஒளித்து வைத்தேன். பதினோரு துணுக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு விளிம்பில் வரிசையாக வைத்தாள். எல்லைச் சுங்கத்துறையில் கூட அப்படிச் சோதனை போடமாட்டான். உருண்டையில் இரண்டு வாய். வியாழன், சூப் இல்லாமலே பான்கேக் கொடுத்தேன். ஆமாம், நான்தான், சூப் இல்லாமல். மூன்று தின்றாள். வெள்ளி, கஞ்சி, ஆறு கரண்டி.

ஒரு நாளும் அதட்டவில்லை. எதிரே உட்கார்ந்து, "அம்மாவுக்கு எழுதணும்டா கண்ணு, இன்னும் ஒரு வாய்னு சொல்லிக்கலாமா?" என்று மட்டும் கேட்பேன்.

இப்போது நல்ல சேதி. இரண்டாவது வாரத்திலிருந்து கவலை விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் எதிர் வீட்டு பிரிட்டா ஹெதீன் மகள் லோத்தாவோடு விளையாடப் போகிறாள், ஆறரைக்குத்தான் வருகிறாள். அவர்கள் ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள், வாசனை நம் நடை வரைக்கும் வரும். வந்ததும் "சாப்டியா?" என்பேன். "ம்" என்பாள். நான் செய்து வைத்ததை மறுநாள் நானே சூடாக்கித் தின்கிறேன். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தால் தின்னும் என்று தௌனோவும் சொல்கிறான். நம் பக்கமானாலும் அவனுடைய ஃபின்லாந்தானாலும், சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை யார் பிள்ளை என்றா பார்ப்போம், ஒரு தட்டு போட்டுவிடுவோம். தெற்கத்திக்காரர்களும் மனுஷர்கள்தான் போல.

சும்மா தின்னவிடக் கூடாது என்று பிரிட்டாவுக்கு நம் சதுப்புநிலத்து மஞ்சள் பழ ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தேன். அடுத்த வாரம் புகை போட்ட மீன். கொஞ்சம் திகைத்துப் போய் வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஒரு தட்டு ஏலக்காய் பன் வந்தது. நான் விடுவேனா, கலைமான் இறைச்சி கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிய உறை ஒன்று கொடுத்துவிட்டார்கள். பெற்றோருக்கு என்று மேலே போட்டிருப்பதாகத் தௌனோ சொன்னான். உன்னுடையதை நாங்கள் எதற்குப் பிரிக்க வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அப்பா வில்ஹோ

*

ராட்டர்டாம்
28 செப்டம்பர் 1974

அப்பா,

நீங்கள் அனுப்பிய உறைக்குள் என்ன இருந்தது தெரியுமா? பள்ளிக்கூட நர்சின் கடிதம். ஆகஸ்டில் தீனாவின் எடை இருபத்திரண்டு கிலோ நானூறு கிராம். இப்போது இருபது கிலோ நூறு. மதியம் பள்ளியில் காய்ந்த ரொட்டியும் பாலும் தவிர எதையும் தொடுவதில்லை. "இரவு வீட்டில் உணவு கிடைக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். கிடைக்கிறதா! என் மகளைப் பற்றி. இருபத்தாறு பேருக்குச் சமைப்பவளின் மகளைப் பற்றி.

அதே உறையில் உங்கள் கடிதம் "கவலை விட்டது" என்கிறது.

நீங்கள் பிரிட்டா வீட்டு மேசையைப் போய்ப் பார்த்தீர்களா? ஒரு தடவையாவது? அல்லது அங்கேயும் சாப்பிட முடியாதபடி ஏதாவது சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்களா? என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு உங்கள் மேசை தெரியும்.

எனக்கு ஏழு வயது. ஈரல் குழம்பு. கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோன தட்டு. எழுந்திருக்க விடவில்லை. அம்மா பசுவைப் பார்க்கப் போய்விட்டாள். அப்படியே தலை சாய்ந்து தூங்கியிருக்கிறேன். காலையில் தட்டு காலி. "நல்ல பொண்ணு, எல்லாத்தையும் தின்னுட்டியே" என்று அம்மா முத்தம் கொடுத்தாள். எப்போது தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கத்தில் ஊட்டிவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கப்பலில் ஈரல் சமைக்கும் நாளில் நான் மூக்கைக் கட்டிக்கொள்கிறேன்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி கப்பல் மறுபடி ராட்டர்டாம் வரும். அங்கே இறங்கிவிடுகிறேன். ஸ்டாக்ஹோம் வேலை போகட்டும். ஒருவேளை என்னை இறங்கவிடாவிட்டால், தீனாவை மால்மோவுக்கு அழைத்துப் போகச் சொல்லி அவள் அத்தைக்கு எழுதிவிடுவேன். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம்.

ஐலா

*

வெஸ்தெரோஸ்
4 அக்டோபர் 1974

ஐலாவுக்கு,

கையெழுத்து மாறியிருக்கும். தௌனோவை முதுகுக்காக ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். எதிர் வீட்டு பிரிட்டா எழுதுகிறாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவள்தான். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். ஈரல் விஷயத்தை ஒரு வேற்று மனுஷி வாயால் கேட்க வேண்டியதாயிற்று. எனக்கு வேண்டியதுதான்.

நீ இந்தக் கடிதத்தைப் பார்த்தால் முதல் பக்கத்தில் பெரிய மைக்கறை இருக்கும். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் இப்படித்தான் சொல்ல ஆரம்பித்தேன்: "எழுதும்மா. எடை எப்படிக் குறைஞ்சுதுன்னு எனக்குப் புரியல. புள்ள தினமும் உங்க வீட்லதான சாப்டுது."

பேனா நின்றுவிட்டது.

"எங்க வீட்லயா?"

"ஆமா. அஞ்சரைக்கு."

"பெரியவரே, அஞ்சரைக்கு நாங்க சாப்டுவோம். தீனா லோத்தா ரூம்ல உக்காந்திருப்பா. படக்கதை படிச்சிட்டிருப்பா."

"நீங்க சாப்பிடறப்ப புள்ள பக்கத்து ரூம்ல தனியாவா இருக்கும்?"

"பின்ன? நீங்க வீட்ல சமைச்சு வெச்சிருப்பீங்கல்ல? அடுத்த வீட்டுச் சமையல நாம கெடுக்கலாமா? உங்களுக்கு மனசு கஷ்டமாயிராது? இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான். லோத்தா வேற வீட்டுக்குப் போனாலும் அவ அப்படித்தான் ரூம்ல இருப்பா."

"அப்ப நான் குடுத்த ஜாம் எதுக்குன்னு நெனச்சே?"

"உங்க ஊர்ல அப்படித்தான் குடுப்பாங்க போலன்னு நெனச்சேன். திருப்பிச் செஞ்சு செஞ்சு எனக்கு மாவு தீந்து போச்சு."

அப்போதுதான் பேனாவைக் கீழே போட்டாள். மைக்கறை அப்படி வந்ததுதான். அவள் சாப்பாடு போட்டாள் என்று நான் நினைத்தேன், நான் போட்டேன் என்று அவள் நினைத்தாள். நடுவில் நான்கு அடி நடை. அந்த நான்கடியில் உன் பிள்ளை நான்கு வாரமாக இரவுச் சாப்பாடு இல்லாமல் போய் வந்திருக்கிறது. சாப்பிட்டாயா என்றால் "ம்" என்றது. நான் அந்த "ம்"மை நம்பினேன், ஏனென்றால் நம்புவது எனக்கு லேசாக இருந்தது.

பிரிட்டா மேல் தப்பில்லை. இதை அவளையே எழுத வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி ஈரல். அது 1952, பிப்ரவரி பதின்மூன்று, புதன்கிழமை. வெளியே முப்பத்தொரு டிகிரி குளிர். அன்று காலை மரக் கூப்பில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் என்னை எழுத்தறியாத மாடு என்றான். வீட்டுக்கு வந்தேன். நீ "வேண்டாம்" என்றாய். ஒரு நாளில் ஒருத்தரையாவது ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. கிடைத்தது நீ.

சிறு வயதில் பட்டினி கிடந்தவன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அது உண்மைதான், ஆனால் அன்றைக்குக் காரணம் அது இல்லை.

நீ தூங்கிய பிறகு உன்னைத் தூக்கிப் படுக்க வைத்தேன். கன்னத்தில் மேசைப் பலகையின் கோடு பதிந்திருந்தது. திரும்பி வந்து அந்தத் தட்டிலிருந்ததை நான் தின்றேன், அந்த உறைந்த கொழுப்போடு. உன் அம்மா வந்ததும் "புள்ள எல்லாத்தையும் தின்னுடுச்சு" என்றேன். தோற்றுப்போனதை அவளிடம் சொல்ல வெட்கம்.

நான் ஊட்டவில்லை, ஐலா. உன் வாயில் ஒரு துணுக்குக்கூடப் போகவில்லை. அன்று ஜெயித்தது நீ. அதை உனக்குச் சொல்லாமல் இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்தேன்.

பதினெட்டாம் தேதி வரைக்கும் அத்தைக்கு எழுதாதே. நான் நல்லவன் என்பதற்காகக் கேட்கவில்லை. தீனாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

அப்பா

*

வெஸ்தெரோஸ்
12 அக்டோபர் 1974

ஐலா கண்ணு,

கேட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், சொல்லக் கூடாததை விட்டுவிடுகிறேன். எதை விட்டேன் என்று கடைசியில் தெரியும்.

குளிர்ப் பூட்ஸ் போட்டுவிடும்போது கேட்டேன், முகத்தைப் பார்க்காமல்.

"லோத்தா ரூம்ல உக்காந்திருக்கப்ப பசிக்காதா உனக்கு?"

"பசிக்கும்."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வந்து சாப்டேன்னு சொன்ன?"

கொஞ்ச நேரம் பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அங்க யாரும் என் வாயப் பாக்க மாட்டாங்க."

"நான் பாக்கறேனா?"

"நீங்க எண்றீங்க. அம்மாவும் எண்ணுவாங்க. ஸ்கூல்லயும் டீச்சர் பாப்பாங்க. எல்லாரும் பாத்தா தொண்ட சின்னதாயிடுது."

ஐலா, நான் இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதச் சொல்லவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்குத் தெரிய வேண்டியிருந்தது, கேட்டாய். நான் நினைவு வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன், எண்ணினேன். அவளுக்கு அது மேசையாக இல்லை, பரீட்சையாக இருந்திருக்கிறது. உன்னை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்தேன். இவளை ஒரு வார்த்தை அதட்டாமல் அதே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மேசையை நகர்த்தினேன். என் நாற்காலி சன்னலைப் பார்த்து, அவளுடையது எனக்குப் பின்னால். இரண்டு தட்டிலும் மக்கரோனி, சாசேஜ், தொடாமல் தனித்தனியாக. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு என் பாட்டுக்குத் தின்றேன்.

"தாத்தா, திரும்பாதீங்க."

"திரும்பல."

"எண்றீங்களா?"

"வீதியில பஸ்ஸத்தான் எண்றேன். மூணு போயிருக்கு."

"கண்ணாடில நான் தெரியறேனா?"

சன்னல் கண்ணாடியில் தெரிந்தாள்தான். எழுந்து திரையை இழுத்து மூடினேன். அதன்பிறகு பஸ்ஸும் இல்லை. ஒரு துணியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அதில் நீலப் பூக்கள் இருக்கின்றன, நாற்பத்திரண்டு.

"அம்மாவுக்கு எழுதுவீங்களா?"

"எழுதுவேன். நீ என்ன சாப்டேன்னு எழுத மாட்டேன்."

"அம்மா கேட்டா?"

"கேட்டாலும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆகவே என் முதுகுக்குப் பின்னால் அன்றைக்கும், செவ்வாய்க்கும், புதனுக்கும் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லமாட்டேன். தட்டைக் கழுவுவதும் அவளேதான், நான் பார்ப்பதில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள். கப்பலை விட்டு இறங்குவதா இருப்பதா என்று நீ ஒன்றும் தெரியாமலேதான் முடிவெடுக்க வேண்டும். இறங்கினாலும் உன்மேல் வருத்தமில்லை. பெட்டியைக் கட்டித் தயாராகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையிடம் சத்தியம் செய்துவிட்டேன். அதை உடைத்தால் பிறகு நான் இங்கே இருந்தும் பிரயோசனமில்லை.

அப்பா

(ஐலா, நான் பிரிட்டா. பெரியவர் காபி போடப் போயிருக்கிறார், இது அவருக்குத் தெரியாது. எழுத்து தெரியாதவருக்குக் கடிதம் எழுதும்போது இப்படிச் செய்வது தப்பு. ஆனால் சத்தியம் செய்தது அவர், நான் இல்லை. நேற்று லோத்தாவையும் தீனாவையும் விளையாட்டுப் போல எங்கள் குளியலறைத் தராசில் ஏற்றினேன். இருபது கிலோ எழுநூறு. செவ்வாய்க்கிழமை உப்பு கேட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். மேசையில் அவள் தட்டில் மீன் முள் மட்டும் இருந்தது. கடையில் வாங்கியதல்ல, கண்ணோடு இருந்த முழு மீன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது மீனைத் தின்றுகொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து! எனக்குத்தான் அவமானம். அவர் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு திரையிடம் பேசிக்கொண்டிருந்தார். காபி வருகிறது. பி.)

*

ராட்டர்டாம்
18 அக்டோபர் 1974

அப்பா,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. கப்பல் முகவர் ஆபீசில் நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு வெளியே வந்து ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன்.

ஈரலைப் பற்றி நேரில் பேசுவோம். இப்போதைக்கு ஒன்று மட்டும். அந்தக் காலைக்குப் பிறகு என் வாயை நானே நம்பியதில்லை. நீங்கள் எழுதியதை வாசித்ததும் முதலில் வந்தது கோபம். இதை ஏன் அடுத்த நாளே சொல்லவில்லை என்று. பிறகு உறைந்த கொழுப்பைத் தின்றுகொண்டு நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தேன். கோபம் போகவில்லை, ஆனால் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

நான் இறங்கவில்லை. கேப்டனிடம் சொல்லி வைத்திருந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "பொண்ணு நல்லாருக்காளா?" என்று கேட்டார். "தெரியாது சார், எங்கப்பா பாத்துக்கறாரு" என்றேன். அப்படி ஒரு பதிலை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. அத்தைக்கும் எழுதவில்லை. பெட்டியைப் பிரித்துவிடுங்கள்.

இனிக் கேட்கமாட்டேன். தீனாவிடம் சொல்லுங்கள், அம்மா கேட்கமாட்டாள் என்று. வேறு எதையாவது எழுதுங்கள். தௌனோவின் முதுகு எப்படி இருக்கிறது? பனி விழுந்துவிட்டதா? அவளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்ததே, விழுந்ததா? அதைக் கேட்கலாமா? அது வாய்க்குள்தான் இருக்கிறது, ஆனால் சாப்பாடு இல்லை. அவளிடமே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இன்று இரவு கப்பலில் பரிமாறிவிட்டு வழக்கம்போல் கதவருகில் நின்று யார் யார் என்ன தின்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் உள்ளே வந்துவிட்டேன். அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடட்டும் என்று.

பிரிட்டா, இங்கிருந்து உரக்க வாசிக்க வேண்டாம். "அன்புடன் ஐலா" என்று சொல்லி நிறுத்திவிடு.

உன் குறிப்பைக் கடைசியில்தான் பார்த்தேன். இறங்குவதில்லை என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன் என்று சொல்ல ஆசை. அப்படி இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் உன் எழுத்தை வாசித்தேன். அப்பாவுக்கு அது தெரிய வேண்டாம். ஒன்றும் தெரியாமலே அவரை நம்பினேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். இனிமேல் அதை உண்மையாக்கிவிடுகிறேன். ஆகவே நீயும் இனி எழுதாதே, பிரிட்டா. தராசை அலமாரிக்குள் வை. உப்பு கேட்டு அந்த வீட்டுக்குப் போனால், நீயும் திரையைப் பார்த்துக்கொண்டே நில்.

கண்ணோடு இருந்த மீனையா? முழுசாகவா? அதற்கு அவர் என்ன செய்து...

இல்லை. வேண்டாம். சொல்லாதே.

ஐலா